எங்கள் அலுவலகத்தில் மணி பத்து பத்து

ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் எங்கள் அலுவலகத்தில் நேரத்தைப் பற்றி ஒரே ஒரு விதிதான் உண்டு. அது விதி பதினான்கு. "அலுவலகத் தலைவரின் கடிகாரம் காட்டும் நேரமே அலுவலக நேரமாகக் கொள்ளப்படும்." இதை எழுதிய காலத்தில் அலுவலகம் முழுவதற்கும் ஒரே கடிகாரம் இருந்திருக்க வேண்டும். அது தலைவர் கையில் இருந்திருக்க வேண்டும். பிறகு எல்லோர் கையிலும் கடிகாரம் வந்தது, பையில் போன் வந்தது. விதி மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

சுவரிலும் ஒரு கடிகாரம் இருந்ததாகச் சொல்வார்கள். பழுதுபார்க்க அனுப்பி ஆறு வருடம் ஆகிறது. அது மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வட்டமாக வெளுத்திருக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் அந்த வட்டத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ தெரிந்துகொண்டவர்கள்போலத் தலையை ஆட்டிக்கொள்வார்கள்.

எங்கள் தலைவர் கைக்கடிகார ரசிகர். நேரில் 'சார்' என்போம். அவர் இல்லாதபோது 'மணிக்கட்டு' என்போம். அவரிடம் பதினேழு கடிகாரங்கள் இருந்தன. ஆண்டுதோறும் ரசிகர்களுக்கென்று வழவழப்பான ஒரு மலர் வரும். இந்த வருடம் நாகரிகமானவர்களின் கையில் என்ன இருக்கும் என்று அதில் படத்தோடு போட்டிருப்பார்கள். அதைப் பிரிக்கும்போது அவர் கை லேசாக நடுங்கும். கோப்புகளைப் பிரிக்கும்போது அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் பெரிய கடிகாரங்களின் வருடம். சோப்பு டப்பா மூடி அளவுக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் கடலுக்குள் முந்நூறு மீட்டர் ஆழத்தில் மூழ்கினாலும் ஓடுகிற கடிகாரம். எங்கள் அலுவலகத்தில் இருந்த ஆழமான நீர்நிலை, கழிப்பறைக் குழாய்க்கடியில் வைத்திருந்த வாளி. தலைவர் அதன் பக்கம் போனதில்லை. இருந்தாலும் ஆழத்தைப் பற்றி அந்த வருடம் முழுக்கப் பேசினார். தலைமை எழுத்தர் தானும் நீர் புகாத கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு, குடையோடு வந்தார்.

தலைமை எழுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைவர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி அவருக்குத்தான். தலைவர் ஓய்வு பெறுவது நான் சொல்லப்போகும் மாதத்தின் கடைசி. ஆகவே தலைவர் இருமினால் இவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

அந்த மாதம் பிறந்த முதல் நாள் தலைவர் உள்ளே வந்தபோது, வலது கையை நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தார். அடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்தோம்.

"கையில என்ன சார் ஆச்சு?" என்று பதறினார் தலைமை எழுத்தர்.

"பாருங்க," என்றார் தலைவர். சட்டைக் கைப்பகுதியை விலக்கினார்.

வலது மணிக்கட்டில் ஒரு கடிகாரம். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. முகப்பு கல். உண்மையாகவே கல். ஓரமெல்லாம் பழுப்பேறி, தேநீர் சிந்திய மேஜைமாதிரி இருந்தது. நொடி முள் இல்லை, தேதி இல்லை. மணி பத்து பத்து.

தட்டச்சர் அக்கா தன் போனைப் பார்த்தாள். பதினொன்று இருபது.

"சார், இது ஓடலையே?"

தலைவர் சிரித்தார். ரசிகர்கள் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "ஓடறதுக்கு அதென்னம்மா பஸ்ஸா? இந்த வருஷம் எல்லாம் மாறிப்போச்சு. பெருசு போச்சு, சின்னது வந்தாச்சு. இடது கை போச்சு, வலது கை. புதுசு மாதிரி பளபளன்னு இருந்தா அசிங்கம், அழுக்கேறியிருக்கணும். முக்கியமா, மணி வைக்கக் கூடாது."

"மணி வைக்கலேன்னா..."

"எங்கிட்ட பதினேழு இருக்கு. பதினேழையும் காலையில திருகி மணி வச்சிட்டு நான் எப்ப ஆபீஸ் வர்றது? நேரம் தெரியணும்னு கடிகாரம் கட்டறவன் ரசிகன் இல்லம்மா. அவன் பயணி. விளம்பரத்துல பாருங்க, எந்தக் கடிகாரமா இருந்தாலும் பத்து பத்துதான். ரெண்டு முள்ளும் கையை விரிச்சு வாங்கன்னு கூப்பிடற மாதிரி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நகர்ந்தாலும் அழகு போச்சு."

"அருமை சார்!" என்றார் தலைமை எழுத்தர்.

"ஒரே சிரமம். இது கை ஆடினா தானா சாவி ஏறி ஓட ஆரம்பிச்சிடும். அதனால கையை ஆட்டாம வச்சுக்கணும்."

அன்றிலிருந்து தலைவர் கோப்புகளில் கையெழுத்திடுவதை நிறுத்தினார். கையெழுத்திட்டால் மணிக்கட்டு ஆடும். சாப்பாட்டைக்கூட இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். நடக்கும்போது கை நெஞ்சில் இருந்ததால், வராந்தாவில் யாருக்கோ உறுதிமொழி கொடுத்துக்கொண்டே போவதுபோல இருந்தது.

விதி பதினான்கை நினைவுபடுத்தியது தலைமை எழுத்தர்தான். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வந்தவர், வருகைப் பதிவேட்டைத் திறந்து, தலைவரின் மணிக்கட்டை எட்டிப் பார்த்து, 10.10 என்று எழுதினார். வருகைக்குக் கடைசி நேரம் பத்தேகால். யாரும் தாமதமில்லை. அந்த வாரம் முழுவதும் நாங்கள் எல்லோரும் எப்போது வந்தாலும் பத்து பத்துக்கு வந்தோம். நானும் வந்தேன். தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது: 'தங்கள் அலுவலகத்தின் நூறு விழுக்காடு நேரந்தவறாமை ஏனைய அலுவலகங்களால் பின்பற்றத்தக்கது.' அதற்குச் சட்டம் போட்டு, சுவரில் அந்த வெளுத்த வட்டத்தின் மேல் மாட்டினோம். வட்டம் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

வீட்டுக்குப் போவதில்தான் ஒரு சிக்கல். ஐந்து மணி வரவே வராது. தலைமை எழுத்தர் அதற்கும் குறிப்பு எழுதினார்: 'விதி பதினான்கு அலுவலக நேரத்தைப் பற்றியது. பணியாளர் அலுவலகத்தை விட்டு வெளியேறியபின் நிகழ்வது அலுவலக நேரம் ஆகாது. எனவே வெளியேறுவதற்கு அவ்விதி பொருந்தாது எனக் கருதலாம்.' கருதிவிட்டு எல்லோரும் நாலரைக்கு வெளியேறினார்கள்.

எதிர்ச் சாரியில் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர் பெட்டிக்கடை வைத்திருந்தார். அவரிடம் பழுதுபார்க்க முடியாத கடிகாரங்கள் ஒரு தகர டின் நிறையக் கிடந்தன. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய் வாங்க ஆரம்பித்தார்கள்.

"இது ரொம்ப அழுக்கா இருக்கே," என்றேன், என் முறை வந்தபோது.

"அழுக்கு இல்லம்மா, அது அனுபவம்," என்றார் அவர். போன மாதம் அதே டின்னை அவர் குப்பையில் கொட்டப் போனதை நான் பார்த்திருக்கிறேன். "ஓடாதுன்னு எழுதிக் கொடுக்கறேன். ஓடினா திருப்பிக் கொண்டு வாங்க."

நானும் ஒன்று வாங்கினேன். எல்லோர் கையிலும் இருக்கும்போது என் கை மட்டும் வெறுமையாக இருந்தால், யாராவது ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட வாங்கிவிடுவது சுலபம்.

இரண்டாவது வாரத்தில், உரக்கப் பேசுகிற ஒருவர் கவுன்டருக்கு வந்தார். அவரைத் தவிர்க்கத்தான் தலைமை எழுத்தர் முதன்முதலாக அந்த வாக்கியத்தைச் சொன்னார். "கவுன்டர் பத்தேகாலுக்குத்தான் திறக்கும் சார். இப்ப பத்து பத்து. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்து நின்றார். அவ்வளவு பெரிய உண்மை தன் வாயிலிருந்து வந்ததை அவரால் நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து கவுன்டர் திறக்கவில்லை. முத்திரைகள் அவர் மேஜை இழுப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன.

வெளியே வரிசை வளர்ந்தது. ஆனால் கலவரம் எதுவும் இல்லை. ஐந்து நிமிடம்தானே என்றால் யார் வீட்டுக்குப் போவார்கள்? புகார் கொடுக்கலாம் என்றால், புகார்ப் பெட்டி வைக்கும் நேரமும் பத்தேகால். அந்த மாதம் புகார்களே இல்லை என்று இன்னொரு பாராட்டுக் கடிதம் வந்தது.

மாதக் கடைசி நாள். என்னுடைய மூன்றாம் எண் கவுன்டருக்கு முன்னால் பள்ளிக்கூட வேன் ஓட்டுநர் ஒருவர் நின்றார். காலை ஒன்பதிலிருந்தே நிற்கிறார். படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு முத்திரைதான் பாக்கி.

"எம்மா, என் லைசன்ஸ் இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுதும்மா. விட்டுட்டா திரும்ப முதல்லேர்ந்து போடணுமாம். எல் போர்டு மாட்டி எட்டு போட்டுக் காட்டணுமாம். இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன். நாளைக்கு வண்டிய எடுக்கலேன்னா ஸ்கூல்ல வேற ஆளப் போட்டுடுவாங்க."

அவர் கையில் கறுப்பு பிளாஸ்டிக் கடிகாரம் ஒன்று இருந்தது. எண்கள் ஓடுகிற வகை. மணிக்கு ஒரு தடவை 'பீப்' என்றது. அது கத்தும்போதெல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

தலைமை எழுத்தர் எழுந்து வந்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

"சார், மணி மூணு. என் வாட்ச்சப் பாருங்க."

"அது தனியார் வாட்ச்."

"சரி சார். உங்க கணக்குல பத்து பத்துன்னா அஞ்சு மணி வராது. என் லைசன்சும் முடியாது. அப்படித்தானே?"

நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். இந்த மாதத்தில் இந்தக் கட்டடத்துக்குள் கேட்ட முதல் நியாயமான வாக்கியம் அது.

"அப்படி இல்ல," என்றார் தலைமை எழுத்தர் பொறுமையாக. "கவுன்டர் திறக்கறது எங்க நேரம். லைசன்ஸ் முடியறது தலைமையகத்துக் கம்ப்யூட்டர் நேரம். ரெண்டும் வேற வேற பிரிவு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"அப்ப நான் எந்தப் பிரிவுல நிக்கறேன்?"

"நீங்க வரிசையில நிக்கறீங்க."

மூன்றரைக்குத் தலைவரின் பிரிவுபசாரம். தேநீரும் பிஸ்கட்டும் ஏற்பாடு செய்தவர் தலைமை எழுத்தர்தான். புதுச் சட்டை போட்டிருந்தார். பொறுப்பு ஒப்படைக்கும் தாளை இரண்டு நகல் எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். "கனத்த இதயத்தோடு..." என்று ஆரம்பித்து, கனமே இல்லாத முகத்தோடு பத்து நிமிடம் பேசினார்.

தலைவர் எழுந்தார். வலது கை நெஞ்சில்.

"உங்க அன்புக்கு நன்றி. ஆனா எல்லாரும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க. என் ஓய்வு ஆணையில என்ன போட்டிருக்கு? மாதக் கடைசி நாள் *பிற்பகல்*." இடது கையால் சட்டையை விலக்கி மணிக்கட்டைக் காட்டினார். "இப்ப முற்பகல் பத்து பத்து. விதி பதினான்கு. நீங்கதானே நினைவுபடுத்தினீங்க?"

யாரோ பிஸ்கட் கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"பிற்பகல் வரட்டும், நிச்சயமா போறேன்," என்றார் தலைவர். தன் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

தலைமை எழுத்தர் கோப்பு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார். நானும் தட்டச்சர் அக்காவும் தேநீர்க் கோப்பைகளை எடுக்கப் போனபோது, அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மாதத்தில் அவர் உண்மையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

"ஓடாத வாட்ச் ஒரு வாட்ச்சா?" என்றார். "நேரம் காட்டாத கடிகாரத்தக் கட்டிக்கிட்டு... இது நாட்டுக்கே கேடு இல்லையா?"

"உங்க கையில இருக்கறதும் ஓடலையே," என்றாள் அக்கா.

"என்னுது வேற விஷயம்."

"விதிய மாத்துங்க."

"அதுக்குத் தலைவர் கையெழுத்துப் போடணும். அவர்தான் கையையே ஆட்ட மாட்டேங்கறாரே!"

சொல்லிவிட்டு மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்காதான் மெதுவாகச் சொன்னாள். "பிரிவுபசாரம்னா எல்லாரும் கை குலுக்கணும்ல? யாரும் குலுக்கலியே. மரியாதை இல்லாம போச்சே."

நாலரைக்குத் தலைமை எழுத்தர் வரிசைக்கு முன்னால் போய் நின்று அறிவித்தார். மக்களின் அன்புக்குரிய அதிகாரிக்குப் பொதுமக்கள் சார்பில் கைகுலுக்கி வாழ்த்து தெரிவிக்கும் நிகழ்ச்சி உடனடியாக நடைபெறும். குலுக்குவது வலது கையாக இருக்க வேண்டும். நன்றாகக் குலுக்க வேண்டும்.

வேன் ஓட்டுநர்தான் முதல் ஆள். இருபத்திரண்டு வருடம் கியர் போட்ட கை. மேஜைக்கு முன்னால் நின்று கையை நீட்டியவர், தலைவர் தயங்கத் தயங்க, நெஞ்சிலிருந்த கையையே பிடித்து எடுத்துக்கொண்டார்.

"சார், உங்கள மாதிரி ஒருத்தர வாழ்க்கையில பாத்ததில்ல சார்!" என்று ஒரு குலுக்கு. "மறக்க மாட்டோம் சார்!" மேட்டில் ஏறும் வண்டிக்கு முதல் கியர் போடுவதுபோல இன்னொரு குலுக்கு.

"மெதுவா, மெதுவா..."

"எப்படி சார் மெதுவா?"

அவருக்குப் பின்னால் எழுபது பேர். பத்து பத்தின் கோபத்தையெல்லாம் ஒவ்வொருவரும் கையில் திரட்டி வைத்திருந்தார்கள். தலைவருக்கு முதலில் பயம், பிறகு வலி, பிறகு கண்ணில் நீர். இத்தனை பேர் தன்னை இப்படி நேசிக்கிறார்கள் என்று அவர் நிஜமாகவே நம்பிவிட்டார். அதனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ரசிகர்கள் கொஞ்சம் நல்லவர்கள்தான்.

நாலு நாற்பத்தைந்துக்குத் தலைமை எழுத்தர் அவர் மணிக்கட்டில் காதை வைத்துக் கேட்டார். "ஓடுது!"

சரியாக நாலு ஐம்பதுக்கு, கல் முகப்பில் மணி பத்தேகால் ஆனது.

"விதி பதினான்கு!" என்று கத்திக்கொண்டே தலைமை எழுத்தர் இழுப்பறையைத் திறந்தார். எழுபது பேரும் கவுன்டருக்கு ஓடினார்கள். முதல் ஆளாகக் கைகுலுக்கப் போன வேன் ஓட்டுநர் அறையின் உள்ளே மூலையில் மாட்டிக்கொண்டு, இப்போது எல்லோருக்கும் கடைசி. தலைகளுக்கு மேலே அவருடைய கறுப்புக் கடிகாரம் மட்டும் தெரிந்தது. உயர்த்திப் பிடித்து என்னிடம் காட்டிக்கொண்டிருந்தார். 4.55. 4.56.

முத்திரை என் கைக்கு வந்தபோது 4.58. கண்ணாடிக்கு அடியில் காலையிலிருந்து கிடந்த அவருடைய படிவத்தை எடுத்து, வேறு யார் முகத்தையும் பார்க்காமல் குத்தினேன். கம்ப்யூட்டரில் பதிந்தேன். "ஏன் அவருக்கு முதல்ல?" என்று ஒருவர் கேட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் 'புதுப்பிக்கப்பட்டது' என்று வந்ததும், தூரத்து மூலையில் 'பீப்' என்றது.

தலைமை எழுத்தருக்கு அன்று வேலை முடியவில்லை. அலுவலகத்தில் பிற்பகல் வருவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் கடிகாரம் நின்றுவிட்டால்? ஆகவே பிரிய மனமில்லாதவர்போலத் தலைவரின் வலது கையைப் பற்றிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பழைய நினைவுகளைப் பேசிப் பேசிக் குலுக்கினார். ஆறு முப்பத்தாறுக்கு, விதி பதினான்கின்படி பிற்பகல் பன்னிரண்டு ஒன்றுக்கு, தலைவர் ஓய்வு பெற்றார். சாவி ஏறிய கையால் அவர் போட்ட கையெழுத்துக் கொஞ்சம் ஆடியிருந்தது.

மறுநாள் புதிய தலைவர் வந்தார். நேற்றுவரை தலைமை எழுத்தராக இருந்தவர். வலது கை நெஞ்சில் இருந்தது.

"முந்தைய நிர்வாகத்தில் நடந்த தவறுகள் இனி நடக்காது," என்று வரிசையைப் பார்த்து அறிவித்தார். "பொதுமக்களை ஐந்து நிமிடம் காக்க வைப்பது மனிதாபிமானமற்ற செயல்." சட்டையை விலக்கினார். பத்து பத்து காட்டிய பழையதைக் காணோம். புதிதாக அழுக்கேறிய ஒன்று. மணி பத்து பதினான்கு.

"இனி ஒரே ஒரு நிமிடம்தான்!"

வரிசை கை தட்டியது. நன்றாகவே தட்டியது. பின்னாலிருந்த ஒருவர் விசில் அடித்தார். முன்னால் நின்றவர் என்னைப் பார்த்து, "பரவாயில்லம்மா, இவர் நல்ல மனுஷன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குனிந்தபோது என் மணிக்கட்டு கண்ணில் பட்டது. பத்து பத்து. சுற்றிப் பார்த்தேன். அக்காவைக் காணோம், கணக்கரைக் காணோம், முதல் கவுன்டர்காரரைக் காணோம். ஜன்னல் வழியாக எதிர்ச் சாரியைப் பார்த்தபோது, எல்லோரும் பழுதுபார்ப்பவரின் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள், முள்ளை நாலு நிமிடம் நகர்த்தி வைக்க.

நானும் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் வேன் ஓட்டுநர் நின்றிருந்தார். கறுப்புக் கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றேன்.

"ஸ்கூல்லயும் இப்ப இதாம்மா. பிரின்சிபால் மேடம் ஒண்ணு கட்டிருக்காங்க. நான் சரியான நேரத்துக்குப் போய் நின்னா, ஏன் இவ்வளவு லேட்டுன்னு கேக்கறாங்க." வெட்கத்தோடு சிரித்தார். பிறகு பெட்டிக்குள் நீட்டினார். "அண்ணே, இத நிறுத்தித் தர முடியுமா?"

பழுதுபார்ப்பவர் கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நிக்காதுப்பா. நல்ல வாட்ச். பேட்டரிய எடுத்தாத்தான் உண்டு. எடுத்தா ஒண்ணுமே காட்டாது. வெறும் கறுப்பா இருக்கும்."

ஓட்டுநர் கொஞ்சம் யோசித்தார்.

"எடுத்துடுங்க," என்றார். "அடுத்த வருஷத்துக்கு ஆகும்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள், கணக்கர் அக்காவைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்காமல் பெட்டியின் பக்கம் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாத குரலில் கேட்டேன்.

"அதே மாதிரி எனக்கும் ஒண்ணு எடுத்து வைப்பீங்களா?"